தீயில வெந்ததால பிழைச்ச லைப்ரரி

பழங்காலத்து பெரிய லைப்ரரி எதுன்னு யாரைக் கேட்டாலும் அலெக்சாந்திரியான்னு சொல்லிடுவாங்க. தப்பு இல்ல, அது நெஜமாவே பெரிய லைப்ரரிதான். ஆனா இது அங்க இருந்த புத்தகம்னு கையில எடுத்துக் காட்ட இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. நான் சொல்லப்போற லைப்ரரி அதை விட சுமார் 350 வருஷம் மூத்தது, அதோட புத்தகங்கள் ஆயிரக்கணக்குல இப்பவும் இருக்கு, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சிருக்கிறதை நீங்களே பார்க்கலாம். இத்தனைக்கும் அந்த ஊரையே எதிரிங்க கொளுத்தினாங்க. கொளுத்தியும் எப்படி மிஞ்சிச்சுங்கிறதுதான் எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச பகுதி, அதுக்கு வர்றேன்.

ஊர் பேரு நினிவே. இன்னைக்கு ஈராக்ல மோசுல்னு ஒரு பெரிய நகரம் இருக்கு இல்லையா, அதுக்கு நேர் எதிர்ல, டைக்ரிஸ் ஆத்துக்குக் கிழக்குக் கரையில இருந்துச்சு. அசிரியா அப்படிங்கிற பேரரசோட தலைநகரம். அங்க அசுர்பானிபால்னு ஒரு ராஜா, கி.மு. 669ல பதவிக்கு வந்து சுமார் 631 வரைக்கும் ஆண்டார். (கி.மு.ல வருஷம் பின்னோக்கி எண்ணணும், அதனால 669க்கு அப்புறம்தான் 631 வரும், இது நிறைய பேருக்கு முதல்ல குழப்பும்.) பேர்ல அசுர்னு இருக்கிறதைப் பார்த்து நம்ம கதையில வர்ற அசுரன்னு நினைச்சுக்காதீங்க. அசுர்ங்கிறது அவங்க கும்பிட்ட பெரிய கடவுளோட பேரு, 'அசுர் ஒரு வாரிசைக் கொடுத்தார்'ங்கிறதுதான் அந்த முழுப் பேருக்கு அர்த்தம்.

இப்ப புத்தகம்னு சொன்னேன் இல்லையா, நீங்க நினைக்கிற மாதிரி பேப்பர் இல்ல, பனை ஓலையும் இல்ல. களிமண். ஈரக் களிமண்ணை உள்ளங்கை அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் பெருசாவோ தட்டி, அது காயறதுக்குள்ள நாணல் குச்சியால அழுத்தி அழுத்தி எழுதுவாங்க. கோடு இழுக்க மாட்டாங்க, அழுத்துறதுதான். வீட்டுல பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கின களிமண் மிச்சம் இருந்தா இதை நீங்களே செஞ்சு பார்க்கலாம், இல்லாட்டி சப்பாத்தி மாவுகூடப் போதும். ஒரு சதுரமான குச்சியை எடுத்து அதோட மூலையை லேசா சாய்ச்சு அழுத்துங்க. ஒரு பக்கம் அகலமா, இன்னொரு பக்கம் வாலு மாதிரி மெலிசா ஒரு பள்ளம் விழும். பார்க்க ஆப்பு மாதிரி இருக்கும், அதனாலதான் இதுக்கு ஆப்பெழுத்துன்னு பேரு. அந்தப் பள்ளங்களை நேரா, படுக்கையா, சாய்வா சேர்த்து வச்சா ஒரு குறி. இது மாதிரி சுமார் 600 குறி நல்லா படிச்ச ஒரு எழுத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுலயும் ஒரே குறிக்கு இடத்தைப் பொறுத்து வேற வேற உச்சரிப்பு வரும், வேற வேற அர்த்தம் வரும். நம்ம 247க்கே சலிச்சுக்கிறோம்!

அதனால அப்ப ராஜாக்கள் எல்லாம் படிக்கத் தெரிஞ்சவங்கன்னு சொல்ல முடியாது. படிக்கிறது எழுதுறது எல்லாம் அதுக்குன்னே சின்ன வயசுலேருந்து பழகுற எழுத்தர்களோட வேலை. அசுர்பானிபால் இதுல வித்தியாசமானவர். புரியாத பழைய சுமேரிய மொழியைக்கூட என்னால படிக்க முடியும், பிரளயத்துக்கு முன்னாடி எழுதின கல்வெட்டுகளையும் நான் ஆராய்ஞ்சிருக்கேன்னு அவரே பெருமையா எழுதி வச்சிருக்கார். சுமேரியம்ங்கிறது அவர் காலத்துலயே ஆயிரம் வருஷத்துக்கும் மேல யார் வீட்டுலயும் பேசாத மொழி, படிப்புக்காக மட்டும் உயிரோட வச்சிருந்தாங்க. அவர் அரண்மனைச் சுவர்ல சிங்க வேட்டைச் சிற்பங்கள் இருக்கு, அதுல அவர் இடுப்புக் கச்சையில எழுதுகோலைச் சொருகியிருக்கார். சிங்கத்தை வேட்டையாடப் போகும்போதும் எழுதுகோல் கூடவே இருக்கணும்னு ஒரு ராஜா நினைச்சிருக்கார், அதைச் செதுக்கவும் சொல்லியிருக்கார்.

வீட்டுல இருந்தவங்களுக்கும் இந்தப் படிப்பு விஷயம் சும்மா இல்ல. அசுர்பானிபாலோட அக்கா செரூவா ஏதிராத், தம்பி பொண்டாட்டிக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்காங்க, அந்தக் களிமண் லெட்டர் இன்னைக்கும் இருக்கு. நீ ஏன் உன் பலகையை எழுத மாட்டேங்கிற, ஏன் உன் பாடத்தைச் சொல்லிப் பார்க்க மாட்டேங்கிற, இப்படியே இருந்தா பார்க்கிறவங்க என்னைப் பத்தி என்ன பேசுவாங்கன்னு கேக்குறாங்க. நாத்தனார் அதட்டல்! ஹோம்வொர்க் பண்ணலன்னு 2600 வருஷத்துக்கு முன்னாடி ஒரு வருங்கால ராணியே திட்டு வாங்கியிருக்காங்க.

சரி, இதை ஏன் லைப்ரரின்னு சொல்றோம்? களிமண் பலகைகளைச் சேர்த்து வைக்கிறது அசுர்பானிபால் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல, அவருக்கு 1600 வருஷத்துக்கும் மேல முன்னாடியே சிரியாவுல எப்லாங்கிற ஊர்ல ஆயிரக்கணக்குல வச்சிருந்தாங்க. ஆனா அதுல பெரும்பாலும் கணக்கு வழக்கு. யார் எவ்வளவு கம்பளி கொடுத்தாங்க, எவ்வளவு வெள்ளி போச்சு வந்துச்சு, இந்த மாதிரி. ஆபீஸ்ல பழைய ஃபைல் அடுக்கி வச்ச ரூம் இருக்கும்ல, அதை யாரும் லைப்ரரின்னு சொல்ல மாட்டோம், ஏன்னா அது வேலை நடக்க நடக்கத் தானா சேர்ந்த குவியல். லைப்ரரிங்கிறது ஒருத்தர் உக்காந்து யோசிச்சு, இது நம்மகிட்ட இல்லையே, எங்க கிடைக்கும்னு தேடிப்போய்ச் சேர்க்கிறது. சேர்த்ததைத் திரும்பத் தேடினா கிடைக்கிற மாதிரி வைக்கிறது. நினிவேலயும் லெட்டர், ஒப்பந்தம்னு ஃபைல் வகையறா நிறைய இருந்துச்சு, ஆனா அது கூடவே இந்த இன்னொண்ணும் இருந்துச்சு.

ராஜா பேர்ல போன ஒரு ஆர்டர் கிடைச்சிருக்கு, தெற்கே இருந்த பாபிலோன் நகரத்துக்குப் பக்கத்துல போர்சிப்பாங்கிற ஊர்ல இருந்த ஷதுனுங்கிறவருக்கு. அந்த ஊர்ல ஏசிதான்னு ஒரு கோயில், எழுத்துக்குக் கடவுளான நபுவோட கோயில். வீடு வீடா, கோயில்லயும் போய்த் தேடுங்க, அசிரியாவுல இல்லாத அபூர்வமான பலகை எது கிடைச்சாலும் அனுப்புங்க, யாரும் உங்ககிட்ட பலகையை மறைச்சு வைக்கக் கூடாது, நான் பட்டியல்ல எழுதாத ஏதாவது அரண்மனைக்கு உதவும்னு உங்களுக்குத் தோணினா அதையும் எடுங்கன்னு போகுது அந்த ஆர்டர். கடைசி வரியைப் பாருங்க, என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, ஆனா இருக்கிறது வேணும்! புத்தகப் பைத்தியம் பிடிச்ச யாரைக் கேட்டாலும் இந்த ஆசை தெரியும்.

ஆனா இந்த ராஜாவை ரொம்ப நல்லவர்னு நினைச்சுடவும் கூடாது. பாபிலோனை ஆண்டது அவரோட சொந்த அண்ணன், ரெண்டு பேருக்கும் கி.மு. 652லேருந்து 648 வரைக்கும் போர், பாபிலோன் பட்டினி கிடந்து விழுந்துச்சு. அது முடிஞ்ச அடுத்த வருஷமே நினிவேக்கு வந்து சேர்ந்த நூல்களோட கணக்கு எழுதியிருக்காங்க, கிட்டத்தட்ட 2000 களிமண் பலகை, 300 மெழுகு பூசின மரப்பலகை. யார் வீட்டுலேருந்து வந்துச்சு, என்ன தலைப்புன்னு வரிசையா இருக்கு. தோத்தவங்க கொடுத்தது, சந்தோஷமா கொடுத்திருப்பாங்களான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நிப்பூர் ஊர் ஆளுநரோட மகன் ஒருத்தரை அரண்மனையில உக்கார வச்சு நூல்களைப் படியெடுக்க விட்டிருக்காங்க, அவர் வேலையை முடிச்சுட்டார், இப்ப இரும்பு விலங்கு போட்டிருக்குன்னு ஒரு குறிப்பு சொல்லுது. அவருக்கு அப்புறம் என்ன ஆச்சோ. உலகத்தோட முதல் பெரிய லைப்ரரிகள்ல ஒண்ணு அப்படின்னு புகழும்போது இந்த ஆளையும் சேர்த்துத்தான் நான் நினைச்சுக்குவேன்.

உள்ள என்னதான் இருந்துச்சுன்னு கேப்பீங்க. அதிகம் இருந்தது சகுனம். ஆட்டோட ஈரலைப் பார்த்து பலன் சொல்றது, வானத்துல நிலா, கிரகம் எப்படி இருக்குன்னு பார்த்து பலன் சொல்றது, வானச் சகுனத்துக்கு மட்டுமே சுமார் 70 பலகை கொண்ட ஒரு பெரிய தொகுப்பு. அப்புறம் வீட்டுல, தெருவுல நடக்கிற சின்னச் சின்ன விஷயத்துக்கு ஒரு தொகுப்பு, எறும்பு இப்படிப் போனா என்ன, பாம்பு குறுக்க வந்தா என்ன, பல்லி மனுஷன் மேல விழுந்தா என்னன்னு. ஆமா, நம்ம பஞ்சாங்கத்துல பின்பக்கம் இருக்குமே பல்லி விழும் பலன், அதே மாதிரிதான். இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டா அந்த லைப்ரரி ஏன் இருந்துச்சுன்னே புரியாம போயிடும். அவங்களைப் பொறுத்தவரைக்கும் கடவுளுங்க உலகத்துல எல்லாத்துலயும் எழுதி வச்சிருக்காங்க, அதைப் படிக்கத் தெரிஞ்சா நாட்டைக் காப்பாத்தலாம். கிரகணம் வந்து ராஜா உயிருக்கு ஆபத்துன்னு பலன் வந்தா, அசுர்பானிபாலோட அப்பா எசர்ஹாதோன் காலத்துல வேற ஒரு ஆளை ராஜா மாதிரி சிம்மாசனத்துல உக்கார வச்சுட்டு நெஜ ராஜா ஒதுங்கிடுவார், கெடுதல் அந்த ஆளைச் சேரட்டும்னு. குறிச்ச காலம் முடிஞ்சதும் அந்த ஆளைக் கொன்னுடுவாங்க. இவ்வளவு தூரம் நம்பின விஷயத்துக்கு சரியான நூல், பிழை இல்லாத நூல் வேணுமா வேணாமா? அதுக்காக வானத்தை ராத்திரி ராத்திரியா பார்த்துக் குறிச்சு வச்ச பழக்கத்துலேருந்துதான் பின்னாடி பாபிலோன்ல கணக்கு போட்டு கிரகணத்தை முன்கூட்டியே சொல்ற அளவுக்கு வானியல் வளர்ந்துச்சு.

மருத்துவமும் இருந்துச்சு, தலையில ஆரம்பிச்சு கால் வரைக்கும் எந்த உறுப்புல என்ன நோய், எந்த மூலிகை, கூடவே என்ன மந்திரம்னு. அகராதி இருந்துச்சு, அதாவது மரம், மிருகம், கல், பாத்திரம்னு வகை வகையா பிரிச்சு ஒரு பக்கம் சுமேரியச் சொல், இன்னொரு பக்கம் அசிரியா, பாபிலோன்காரங்களோட மொழியான அக்காடியத்துல அதுக்குச் சொல். நம்ம நிகண்டு நினைவுக்கு வருதா? பூஜை முறைகள், பாட்டு, பழமொழி, அப்புறம் கதை. கில்கமேஷ்னு ஒரு ராஜாவோட காவியம், 12 பலகை. சிநேகிதன் செத்துப்போனதும் சாவுக்குப் பயந்து, சாகாம இருக்க வழி தேடி உலகத்தோட ஓரம் வரைக்கும் போற கதை.

தேடினா கிடைக்கணும்னு சொன்னேன்ல, அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? களிமண்ணுல அட்டை கிடையாது, முதுகுல பேர் எழுத முடியாது. அதனால பலகையோட கடைசியில சின்னதா ஒரு குறிப்பு. இது எந்த நூல், எத்தனாவது பலகை, அடுத்த பலகையோட முதல் வரி என்ன. சீரியல் முடியும்போது அடுத்த எபிசோடைக் கொஞ்சம் காட்டுவாங்களே, அந்த மாதிரி அந்த முதல் வரியைப் பார்த்து அடுத்த பலகையைச் சரியா எடுத்துடலாம். நூலுக்குப் பேரும் முதல் வரிதான். கில்கமேஷ் காவியத்துக்கு அவங்க வச்ச பேரு 'ஆழத்தைக் கண்டவன்', ஏன்னா அது அப்படித்தான் ஆரம்பிக்குது. நமக்கு இது புதுசே இல்ல, ஆத்திசூடிங்கிற பேரும் கொன்றை வேந்தன்ங்கிற பேரும் அந்தந்த நூலோட முதல் வார்த்தைதானே.

குறிப்புல ராஜாவோட பேரும் இருக்கும், உலகத்தின் ராஜா, அசிரியாவின் ராஜா அசுர்பானிபாலோட அரண்மனைன்னு. சிலதுல அதுக்கு மேல சாபமும் இருக்கும். இந்தப் பலகையை எவன் எடுத்துட்டுப் போறானோ, என் பேர் இருக்கிற இடத்துல எவன் தன் பேரை எழுதிக்கிறானோ, அவனைக் கடவுள் கோபத்தோட கீழ தள்ளட்டும், அவன் பேரும் வம்சமும் நாட்டுல இல்லாம போகட்டும். லேட் ஃபைன் எல்லாம் கிடையாது, நேரா வம்சத்துலதான் கை வைப்பாங்க. இது எல்லாரும் வந்து உக்காந்து படிக்கிற லைப்ரரி இல்ல, ராஜாவும் அவரோட அறிஞர்களும் பயன்படுத்துறது.

இதுல எனக்கு ராஜாவை விடப் பெரியவங்களாத் தெரியிறது பேர் தெரியாத எழுத்தர்கள்தான். அவங்க படியெடுத்த மூலப் பலகைகள் சிலது ஏற்கனவே நூத்துக்கணக்கான வருஷம் பழசு, மூலை உடைஞ்சிருக்கும், நடுவுல பேர்ந்திருக்கும். உடைஞ்ச இடத்துல ஒரு வரி இல்லைன்னா என்ன பண்ணலாம்? பரீட்சையில பதில் தெரியலைன்னா நாம பண்றது மாதிரி ஏதாவது அடிச்சு விடலாம், கேக்குறதுக்கு ஆள் இல்ல. அவங்க அப்படிப் பண்ணல. அந்த இடத்துல சின்னதா 'ஹெபி'ன்னு எழுதுவாங்க. 'உடைஞ்சிருக்கு'ன்னு அர்த்தம். சில இடத்துல 'புதுசா உடைஞ்சது'ன்னும் எழுதியிருக்காங்க, அதாவது முன்னாடி படியெடுத்தவர் குறிச்ச உடைசல் இல்ல, இது அதுக்கப்புறம் ஆனதுன்னு. எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி வைக்கிறேன், நாளைக்கு எவனாவது முழுசா இருக்கிற பலகையைப் பார்த்தா நிரப்பட்டும். இந்த ஒரு சொல்லைப் பத்தி முதல் தடவை படிச்சப்ப நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

கி.மு. 612ல பாபிலோன்காரங்களும் ஈரான் பக்கத்து மேதியர்களும் சேர்ந்து வந்து நினிவேயைப் பிடிச்சாங்க. அசுர்பானிபால் செத்து இருபது வருஷம்கூட முழுசா ஆகல. அரண்மனைகளைக் கொளுத்தினாங்க. மெழுகுப் பலகைகள் எல்லாம் போச்சு, ஒண்ணு விடாம. தோல்ல, பாப்பிரஸ்ங்கிற நாணல் தாள்ல எழுதினது இருந்திருந்தா அதுவும் போயிருக்கும். ஆனா களிமண்? செங்கல் சூளையை நினைச்சுப் பாருங்க. பச்சைக் கல்லை மழையில விட்டா கரைஞ்சு போகும், சூளையில வெந்த செங்கல் நிக்கும். வெறும் வெயில்ல காய வச்சிருந்த பலகைகள் நிறைய அந்த நெருப்புல வெந்து கெட்டியாச்சு, கூரையும் சுவரும் மேல விழுந்து மூடிடுச்சு. அழிக்கணும்னு வச்ச தீ அதைப் பாதுகாத்துக் கொடுத்துடுச்சு. உடைஞ்சது உண்மை, நிறைய நொறுங்கிடுச்சு, ஆனா நொறுங்கினதைப் படிக்கலாம், சாம்பலைப் படிக்க முடியாதே.

அப்புறம் 2400 வருஷத்துக்கு மேல அது ஒரு மண்மேடு. கூயுஞ்சிக்னு பேரு, மேல ஆடு மேயும். 1850 வாக்குல ஹென்றி லேயார்ட்ங்கிற ஆங்கிலேயர் அங்க தோண்டும்போது, அசுர்பானிபாலோட தாத்தா சென்னகெரிப் கட்டின அரண்மனையில ரெண்டு ரூம், தரையிலேருந்து ஒரு அடிக்கு மேல உயரத்துக்குக் களிமண் பலகையும் துண்டுமா நிறைஞ்சு கிடந்துச்சு. 1853 டிசம்பர்ல ஹொர்முஸ்த் ரஸ்ஸாம்ங்கிறவர் அசுர்பானிபாலோட சொந்த அரண்மனையையே கண்டுபிடிச்சார், அங்க இன்னும் ஏராளம். ரஸ்ஸாம் மோசுல்லயே பிறந்தவர், அந்த மண்ணோட ஆளு. அந்தப் பகுதி பிரெஞ்சுக்காரங்களுக்குன்னு ஒதுக்கியிருந்ததால ராத்திரியில ரகசியமா தோண்டி எடுத்தார். அவரோட பேரை ரொம்ப காலம் பின்னாடியே தள்ளி வச்சிருந்தாங்க, அதனால இதைப் படிக்கிற நீங்களாவது ரெண்டு பேரையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு வருத்தமும் உண்டு, ரெண்டு அரண்மனையில எடுத்ததும் லண்டன்ல போய் கலந்துடுச்சு, எது எங்க இருந்துச்சுன்னு பல துண்டுக்கு இன்னைக்குச் சொல்ல முடியல. மொத்தம் 30,000 துண்டுக்கு மேல. 30,000 புத்தகம் இல்ல, கவனிங்க, ஒரே பலகை பத்து துண்டா கிடக்கலாம்.

இதுக்கு நடுவுல இன்னொரு வேலை, அந்த எழுத்தைப் படிக்கவே அப்ப யாருக்கும் முழுசா தெரியாது. ஈரான்ல பெஹிஸ்தூன் மலையில ஒரே விஷயத்தை மூணு மொழியில வெட்டின கல்வெட்டு பெரிய உதவியா இருந்துச்சு. நெஜமாவே படிக்கிறாங்களா இல்ல கதை விடுறாங்களான்னு சந்தேகம் வந்ததால 1857ல ஒரே கல்வெட்டை நாலு அறிஞர்கள்கிட்ட தனித்தனியா கொடுத்து மொழிபெயர்த்து மூடி அனுப்பச் சொன்னாங்க. பிரிச்சுப் பார்த்தா நாலும் பெருமளவு ஒத்துப்போச்சு.

கடைசியா ஜார்ஜ் ஸ்மித் பத்தி சொல்லாம விட முடியாது. லண்டன்ல ஏழைக் குடும்பம், 14 வயசோட படிப்பு நின்னுச்சு, பண நோட்டு அச்சடிக்க உலோகத் தகட்டுல செதுக்குற வேலை கத்துக்கப் போனார். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில எல்லாம் மியூசியத்துக்கு ஓடிடுவார், பலகைகளையே பார்த்துக்கிட்டு இருப்பார். நுணுக்கமா செதுக்குற கண்ணு ஆச்சே, எந்தத் துண்டு எதோட சேரும்னு அவருக்குப் பட்டுனு தெரிஞ்சிடும். மியூசியமே கூப்பிட்டு வேலை கொடுத்துடுச்சு. 1872ல ஒரு துண்டைப் படிக்கும்போது கப்பல் ஒரு மலையில தட்டி நிக்குது, ஒரு புறாவை வெளிய அனுப்புறாங்க, அதுக்கு உக்கார இடம் கிடைக்காம திரும்பி வருதுன்னு வருது. பைபிள்ல வர்ற நோவா கதை மாதிரியே ஒரு பிரளயக் கதை! அது கில்கமேஷ் காவியத்தோட 11வது பலகை, சுமார் 15 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். சந்தோஷம் தாங்காம ரூமுக்குள்ள ஓடினார்னு சொல்வாங்க. டிசம்பர் 3ஆம் தேதி அதைப் பத்தி பேசும்போது பிரிட்டன் பிரதமரே கேக்க வந்திருந்தார். ஒரு பத்திரிகை பணம் கொடுத்து, போய் மிச்சத் துண்டையும் தேடுங்கன்னு நினிவேக்கு அனுப்பி வச்சுது. குப்பை மாதிரி மேடா கிடந்த மண்ணுல போய்த் தேடி, ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பிரளயக் கதையோட ஒரு துண்டு அவருக்குக் கிடைச்சுது. அது வேற ஒரு பழைய பிரளயப் பாட்டோட துண்டுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 1876ல மறுபடி அந்தப் பக்கம் போனவர் வழியில நோய் வந்து அலெப்போவுல செத்துட்டார், வயசு 36.

துண்டு சேர்க்கிற வேலை இன்னும் முடியல. ஜெர்மனியில மியூனிக் பல்கலைக்கழகத்துல இப்ப கம்ப்யூட்டர்ல துண்டுகளோட எழுத்தை ஏத்தி, எது எதோட சேரும்னு தேட வைக்கிறாங்க. கில்கமேஷ் காவியத்தை இப்ப அச்சுல வாங்கிப் பார்த்தீங்கன்னா அங்கங்க சதுர அடைப்புக்குறி இருக்கும், உள்ள காலி, இல்லாட்டி வெறும் புள்ளி. பலகை அங்க உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். எங்கயாவது இன்னொரு துண்டு கிடைச்சு வரி தெரிஞ்சா அடுத்த பதிப்புல அந்த அடைப்புக்குறியை எடுத்துடுவாங்க.